ஷவர் தண்ணீர் குளியல் தொட்டியை விட்டு வெளியேறாமல் தடுப்பது எப்படி?

சாட்ஸ்வொர்த் வாசி:
அனைவருக்கும் வணக்கம். டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டில் எனாமல் பூசிய பழைய இரும்புத் தொட்டிக்கு மேலேயே ஷவர் பொருத்தியிருக்கிறோம். திரைச்சீலையின் அடிப்பகுதியைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டாலும், ஷவரைத் திறந்த சற்று நேரத்தில் அது உள்ளே வந்து காலில் ஒட்டிக்கொள்கிறது. குழாய்ப் பக்கத்து மூலையில் தரை முழுவதும் ஈரமாகிவிடுகிறது. எழுபதைக் கடந்த என் தாயார் அந்தத் தரையில்தான் கால் வைத்து இறங்க வேண்டும் என்பதால் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. பிளம்பர் கண்ணாடிக் கதவு போடச் சொல்கிறார். ஆனால் கதவு வந்தால் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கும் வழி பாதியாகக் குறுகிவிடும். கதவு இல்லாமல், நாமே செய்துகொள்ளக்கூடிய வழி ஏதேனும் உண்டா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர்:
ஐயா, சீலை உள்ளே வருவதற்கு வெந்நீரின் சூடுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கீசரை அணைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரைத் திறந்து பாருங்கள். அப்போதும் அது உள்ளே வரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷ்மிட் இதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார். விழும் துளிகள் காற்றையும் இழுத்துச் சென்று ஒரு சுழலை உண்டாக்குகின்றன என்றும், அதன் நடுவில் அழுத்தம் குறைவதால் சீலை உள்நோக்கி இழுபடுகிறது என்றும் விளக்கினார். அதற்காக 2001இல் அவருக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. காற்றை நிறுத்த முடியாது என்பதால், சீலையின் அடியைத்தான் பிடித்து வைக்க வேண்டும். உங்களுடையது இரும்புத் தொட்டி என்பது நல்ல வாய்ப்பு. சீலையின் கீழ் மடிப்பில் பிளாஸ்டிக் உறை போட்ட காந்தங்களைத் தைத்துவிட்டால் தொட்டியின் உட்புறத்தோடு ஒட்டி நிற்கும். உறை இல்லாத காந்தம் துருப்பிடித்து எனாமலில் கறை ஏற்றிவிடும். அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது.

ஃபீனிக்ஸ் சகோதரி:
சீலையைப் பற்றி அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் மூலையில் தேங்கும் தண்ணீர் வேறு வழியாக வருகிறது என்றே நினைக்கிறேன். தோளிலும் சுவரிலும் பட்டுத் தெறிக்கும் நீர் சுவரோரமாக வழிந்து, தொட்டியின் தட்டையான விளிம்பில் இறங்கி, சீலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. விளிம்பில் ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். அது வெளிப்பக்கம் ஓடினால், எத்தனை நல்ல சீலை போட்டாலும் தரை நனையத்தான் செய்யும். சுவரும் விளிம்பும் சேரும் இடத்திலிருந்து தொட்டியின் உட்பக்கத்தை நோக்கிச் சாய்வாக, விரல் பருமனில் சிலிகானால் (சந்துகளை அடைக்கும் ரப்பர் போன்ற பசை) ஒரு சிறு வரப்பு கட்டுங்கள். ஓடி வரும் நீர் அதில் முட்டி உள்ளே திரும்பிவிடும். சீலையின் ஓரத்தைச் சுவரோடு பிடித்து வைக்க ஒட்டுப்பட்டை போதும்.

கேப் டவுனிலிருந்து:
2018 வறட்சியில் எங்கள் நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஷவருக்கு அடியில் வாளி வைத்துக் குளித்தோம். அதிலிருந்து ஒன்று சொல்கிறேன்: தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ, அவ்வளவுக்குத் தெறிக்கும். அம்மாவுக்குத் தொட்டியின் குறுக்கே உறுதியான இருக்கை போட்டு, கையில் பிடிக்கும் ஷவரை மாட்டிக் கொடுங்கள். உட்கார்ந்து குளித்தால் தெறிப்பதும் குறையும், வழுக்கும் அச்சமும் குறையும். சகோதரி சொன்ன வரப்பை மூலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மா கால் தூக்கி வைக்கும் இடத்தில் வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் வாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோப்பைத் தண்ணீர் வெளிப்பக்கமே ஓடியது. இருக்கைக்கும் சொல்லிவிட்டேன். அந்த மூலையில் கறுத்துப்போன பழைய சிலிகான் இருக்கிறது. அதன் மேலேயே வரப்பைக் கட்டலாமா?

ஃபீனிக்ஸ் சகோதரி:
கூடாது அண்ணா. பழைய சிலிகானில் புதியது பிடிக்காது. முழுவதையும் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள். அதன் பிறகு 24 மணி நேரம் அங்கே தண்ணீர் படவே வேண்டாம்.