ஜெர்சி விஷயத்தில் எது விதி, எது வெறும் வழக்கம்?

இடதுகால்காரன்:
வார இறுதியில் ஆடும் ஒரு கால்பந்து டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். என்ன நம்பர் வேண்டும் என்று கேட்டார்கள், 10 என்றேன். நான் ஆடுவது லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பு ஆட்டம். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஒருத்தர் முகமும் சரியில்லை. எந்த இடத்தில் ஆடுபவர் எந்த நம்பர் போட வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லையே, அப்புறம் எதற்கு இந்த முறைப்பு? சாக்ஸை இறக்கிவிடுவது, கோல் போட்டதும் ஜெர்சியைக் கழற்றுவது, எதிர் டீமோடு ஜெர்சி மாற்றிக்கொள்வது என்று இன்னும் என்னென்னவோ சொல்கிறார்கள். எது நிஜமான விதி, எது சும்மா வழக்கம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகோலி:
தம்பி, நீங்கள் கேட்டது தப்பில்லை, ஆனால் அவர்கள் முறைத்ததிலும் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் நம்பர் ஆளுக்குக் கிடையாது, இடத்துக்குத்தான். அன்றைக்கு இறங்கும் பதினொரு பேருக்கு 1 முதல் 11 வரை, கோல்கீப்பருக்கு 1, நடு ஸ்ட்ரைக்கருக்கு 9, ஆட்டத்தைப் பின்னுகிற ஆளுக்கு 10. ஆளுக்கு ஒரு நிரந்தர நம்பர் என்பதை உலகக் கோப்பையில் 1954-இல்தான் கொண்டுவந்தார்கள், இங்கிலாந்தின் பிரீமியர் லீக்குக்கு அது 1993-இல்தான் வந்தது. பழைய கணக்கு மட்டும் எல்லோர் தலையிலும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 2006-இல் முன்வரிசை ஆட்டக்காரர் பெர்க்காம்ப் ஓய்வு பெற்றதும் இங்கிலாந்தின் ஆர்செனல் கிளப்பில் அவருடைய 10-ஐ கலாஸ் என்ற டிஃபென்டருக்கு, அதாவது தடுப்பு ஆட்டக்காரருக்கு, கொடுத்தார்கள், அதை இன்றைக்கும் கிண்டல் செய்பவர்கள் உண்டு. இத்தாலியின் இன்டர் மிலானில் பிரேசில்காரர் ரொனால்டோவுக்காக 9-ஐ விட்டுக்கொடுத்த சமோரானோ, மனசு கேட்காமல் 18-ஐ எடுத்து நடுவில் சின்னதாக ஒரு கூட்டல் குறி போட்டுக்கொண்டார். ஒன்றும் எட்டும் ஒன்பதுதானே! எனக்கு ரொம்பப் பிடித்த ஜெர்சி அது.

இதையெல்லாம் கண்டுகொள்ளாத டீமும் இருந்தது. 1982 உலகக் கோப்பைக்கு அர்ஜென்டினா பெயரின் அகரவரிசைப்படி நம்பர் கொடுத்ததில், நடுக்களத்தில் ஆடும் ஆர்டிலஸுக்கு 1, கோல்கீப்பர் ஃபியோலுக்கு 7. ஆனால் பாருங்கள், அந்த டீமே மரடோனா என்று வந்ததும் வரிசையை உடைத்து அவருக்கு 10-ஐக் கொடுத்தது. பிற்பாடு 2002-இல் அவர் நினைவாக அந்த நம்பரையே எடுத்துவிடப் பார்த்தார்கள், நம்பர் விடாமல் வரிசையாக வர வேண்டும் என்று ஃபிஃபா மறுத்துவிட்டது, கடைசியில் ஒர்டேகா போட்டுக்கொண்டு ஆடினார். கிளப்பில் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் மரடோனா ஆடிய இத்தாலிய கிளப்பான நாப்போலியில் 10 யாருக்கும் கிடையாது.

விசில்:
எழுதப்பட்ட விதியை நான் சொல்கிறேன், ரெஃப்ரி கோர்ஸ் முடித்தவன். ஆட்டக்காரர் என்ன போட வேண்டும் என்று சொல்லும் நான்காம் விதி ரொம்பச் சின்னது. கை வைத்த ஜெர்சி, ஷார்ட்ஸ், சாக்ஸ், ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன் எலும்பைக் காக்கும் தகடு), ஷூ, அவ்வளவுதான் கட்டாயம். ‘கை வைத்த’ என்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், 2002-இல் கேமரூன் கை இல்லாத ஜெர்சியோடு ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது, அதே வருஷம் உலகக் கோப்பைக்கு அதை ஒத்துக்கொள்ளாததால் உள்ளே கருப்புக் கை வைத்து ஆட வேண்டியதாயிற்று. மோதிரம், செயின் எதுவும் கூடாது, மேலே டேப் ஒட்டி மறைத்தாலும் கூடாது, இதற்காக ஒவ்வொரு மேட்சிலும் யாராவது ஒருத்தர் என்னிடம் மல்லுக்கு நிற்கிறார். சாக்ஸ் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை, ஷின் கார்டு மூடியிருக்க வேண்டும், அதுவும் காலுக்கு ஓரளவு பாதுகாப்பு தருவதாக இருக்க வேண்டும். தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செருகிக்கொண்டு வருகிறார்கள், என்ன செய்ய!

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஓடும்போது ஷூ தானாகக் கழன்றுவிட்டால் நிற்க வேண்டியதில்லை, பந்து வெளியே போகும் வரை ஆடலாம், வெறுங்காலோடு கோல் போட்டாலும் செல்லும்.

கோல் போட்ட கொண்டாட்டத்தில் ஜெர்சியைக் கழற்றினால் மஞ்சள் அட்டை, இதில் பேச்சே இல்லை. கோலையே ரத்து செய்தாலும் அட்டை ரத்தாகாது. 2010 உலகக் கோப்பை இறுதியில் கடைசி நிமிடங்களில் கோல் போட்ட ஸ்பெயினின் இனியெஸ்டா, ஜெர்சியைக் கழற்றி, இறந்துபோன நண்பர் ஹார்க்கேயின் பெயரை உள்சட்டையில் எழுதியிருந்ததைக் காட்டினார், அரங்கமே நெகிழ்ந்து நின்றபோதும் ரெஃப்ரி மஞ்சளைக் காட்டத்தான் செய்தார்.

இடதுகால்காரன்:
நன்றி அண்ணா, ஷூ விஷயம் எனக்குப் புதுசு. ஜெர்சி மாற்றுவது பற்றி யாரும் சொல்லவில்லையே? ஹாஃப் டைமிலேயே மாற்றிக்கொண்டால் என்ன தப்பு?

ஓரக்கோடு:
விதிப்படி ஒரு தப்பும் இல்லை, ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும்போது செய்துவிடாதீர்கள். 2012-இல் வான் பெர்சி ஆர்செனலை விட்டு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய், பழைய டீமுக்கு எதிராகவே ஆரம்பத்தில் கோல் போட்டார். ஹாஃப் டைமுக்கு உள்ளே போகும்போது ஆர்செனலின் ஆந்த்ரே சாண்டோஸ் அவரிடம் ஜெர்சியைக் கேட்டு வாங்கினார், ரசிகர்கள் அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார்கள். மேட்ச் முடிந்த பிறகு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு திட்டு விழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பெரியவர்களுக்கும் இதில் கோபம் வரும். 1966 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவோடு நடந்த முரட்டு ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து பயிற்சியாளர் ராம்ஸி களத்துக்குள் வந்து, மாற்றப்போன ஜார்ஜ் கோஹனின் ஜெர்சியைப் பிடித்து இழுத்தார், அந்தப் போட்டோ இன்றும் சுற்றுகிறது. நாலு வருஷம் கழித்து பிரேசிலின் பெலேயும் இங்கிலாந்தின் பாபி மூரும் மாற்றிக்கொண்ட படத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், இத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் தோற்றது இங்கிலாந்துதான்.

பழையகோலி:
ஓரக்கோடு சொல்வதோடு எனக்கு முழுக்க உடன்பாடில்லை. சாண்டோஸை அவ்வளவு திட்டியது அதிகம், முன்பு கூட ஆடிய நண்பரிடம்தானே கேட்டார்? ஆனால் நம்மைப் போல சொந்தக் காசில் ஜெர்சி தைக்கிற டீமில் மாற்றுவதற்கு முன் கேப்டனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அடுத்த வாரம் போட வேறு ஜெர்சி இருக்காது.