ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் ஒரு கோப்பை ஒயினும்: உங்கள் அனுபவம் என்ன?

இழையைத் தொடங்கியவர்:

எனக்கு இருப்பது விட்டுவிட்டு வரும் வகையைச் சேர்ந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய். வந்தால் சில மணி நேரம் நீடித்துவிட்டுத் தானாகவே அடங்கிவிடும். இரவு உணவோடு சிவப்பு ஒயின் அருந்தும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. நோய் உறுதியான பிறகும், சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாயிற்றே என்றுதான் சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். இதயத் துடிப்புக்கான மருத்துவர் ஒருவர் அந்தப் பேச்சின் வேரை எனக்கு விளக்கினார். கொழுப்பு மிகுந்த உணவை உண்டும் பிரெஞ்சு மக்களிடம் மாரடைப்பு குறைவாக இருப்பது ஏன் என்று கேட்டு, செர்ஜ் ரெனோவும் அவருடைய சக ஆய்வாளரும் 1992-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பின்தான் ஒயினுக்கு இந்த நற்பெயர் பெரிதாகப் பரவியது. அந்தக் கேள்வி இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களைப் பற்றியது. என் சிக்கலோ மேலறைகளின் மின்துடிப்பில் இருக்கிறது. "தண்ணீர்க் குழாயில் அடைப்பு இல்லை என்பதற்காக மின்கம்பியில் பழுது இல்லை என்று சொல்லிவிட முடியுமா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் கவனித்த வரையில், படபடப்பு குடிக்கும்போது வருவதில்லை. படுத்து உறங்கிய பிறகு, நள்ளிரவை ஒட்டி வருகிறது. மற்றவர்களுக்கும் இப்படித்தானா என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி, அளவில் கவனமாக இருக்கும் ஒருவர்:

எனக்கும் இரவில்தான் வரும். மது உறக்கத்தின்போது தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சுத் தடையை மிகுவிக்கிறது, நீரிழப்பை உண்டாக்குகிறது, மேலறைத் தசை அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாக எடுத்துக்கொள்ளும் இடைவெளியையும் குறைக்கிறது என்று என் மருத்துவர் விளக்கினார். குறட்டை விடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் உறக்கப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். எனக்கு அதுவே பாதிக் காரணம் என்று பின்னர் தெரிந்தது.

ஆனால் நான் முதன்மையாகச் சொல்ல வந்தது 'ஒரு கோப்பை' என்னும் கணக்கைப் பற்றி. பன்னிரண்டரை விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயினில் 150 மி.லி. அருந்தினால் ஏறத்தாழ 15 கிராம் ஆல்கஹால் உடலுக்குள் செல்கிறது. வீட்டில் உள்ள அகன்ற கோப்பையில் நாம் வழக்கமாக ஊற்றும் அளவை ஒருமுறை அளவுக்குவளையில் மாற்றிப் பாருங்கள். எனக்கு 250 மி.லி. வந்தது, அதாவது கிட்டத்தட்ட 25 கிராம். ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இந்த நோய் உள்ளவர்கள் ஒரு வாரம் முழுவதற்கும் 30 கிராமுக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. ஒரே இரவு உணவில் அந்த வாரக் கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலர் என்றே நினைக்கிறேன்.

மறுமொழி, வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்:

துடிப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், மருந்தை மறந்துவிடுகிறோம். பக்கவாதத்தைத் தவிர்க்க நம்மில் பலர் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுக்கிறோம். ஒரேயடியாக மிகுதியாகக் குடித்தால் அந்த வகை மருந்தான வார்ஃபரினின் வீரியம் கூடி ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அளவு) ஏறும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கோ அது இறங்கவும் கூடும். அளவு நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், மருத்துவமனையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே மது பற்றியதுதான். புதிய வகை மாத்திரைகளுக்கு ஐஎன்ஆர் பார்க்க வேண்டியதில்லை என்றாலும், மிகுதியாகக் குடித்தால் இரத்தக் கசிவின் அபாயம் அங்கேயும் கூடவே செய்கிறது. துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தும் சேர்ந்திருந்தால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழும் வாய்ப்பும் உண்டு.

மறுமொழி, அப்லேஷன் செய்துகொண்டவர்:

இங்கே சற்று மாறுபட்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஒயினை முற்றிலும் விட்டேன். ஆயினும் நோய் திரும்ப வந்தது. விட்டால் நின்றுவிடும் என்று நம்பி அப்லேஷனை (கோளாறான துடிப்பைக் கிளப்பும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) தள்ளிப்போடுபவர்கள், ஆஸ்திரேலியாவில் 140 பேரைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது. மதுவைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்ட குழுவில் 53 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் குடித்துவந்த குழுவில் 73 விழுக்காட்டினருக்கும் ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. இருபது புள்ளிகள் என்பது சிறிய வேறுபாடு அன்று, பல மருந்துகள் தரும் பயனோடு அதை ஒப்பிடலாம். ஆனால் விட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்பியது என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. வயது, இரத்த அழுத்தம், உடல் எடை ஆகியவையும் தங்கள் பங்கைச் செய்கின்றன.

இன்னொரு செய்தி. இந்தத் துடிப்புக் கோளாறைத் தூண்டும் மின் தீப்பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று 1998-இல் காட்டி, இன்று நாம் செய்துகொள்ளும் அப்லேஷனுக்கு வழிவகுத்த ஆய்வு எங்கே நடந்தது தெரியுமா? பிரான்சின் போர்தோ நகரில்! உலகுக்கே ஒயின் அனுப்பும் ஊர் அது.

இழையைத் தொடங்கியவர்:

அனைவருக்கும் நன்றி. அளவுக்குவளைச் சோதனையை நானும் செய்தேன். வந்த எண்ணை இங்கே எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. எப்போதாவது, விருந்து நாளில் மட்டும் அருந்தினால் என்ன?

மறுமொழி, எப்போதாவது அருந்துபவர்:

நான் அந்த வகைதான், எனவே விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். விடுமுறையில் மிகுதியாகக் குடித்தவர்கள் துடிப்புக் கோளாறோடு மருத்துவமனைக்கு வருவதை 1978-இல் அமெரிக்க மருத்துவர் எட்டிங்கரின் குழுவினர் விவரித்து, அதற்கு 'விடுமுறை இதயம்' என்று பெயரிட்டனர். அதனால் இது அளவுமீறியவர்களின் சிக்கல் என்றே வெகுகாலம் கருதப்பட்டது. ஆனால் 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த நோயுள்ள 100 பேரின் துடிப்பை இடைவிடாமல் பதிவுசெய்து, கணுக்காலில் அணிந்த கருவியால் ஆல்கஹாலையும் அளந்தபோது, ஒரு கோப்பை அருந்திய அடுத்த நான்கு மணி நேரத்தில் நோய் கிளம்பும் வாய்ப்பு இரு மடங்காகவும், இரண்டு அல்லது அதற்கு மேல் அருந்தினால் மும்மடங்குக்கு மேலாகவும் இருந்தது. நீங்கள் நள்ளிரவில் எழுந்து உட்காருவதற்கு இதுவே விளக்கம் தருகிறது.

இதைத் தெரிந்துகொண்டே நான் விருந்து நாளில் பாதிக் கோப்பை அருந்துகிறேன்: வயிற்றில் உணவு இருக்கும்போது, மாலை முன்நேரத்தில், இடையிடையே தண்ணீரோடு. இது பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், என் மருத்துவருக்குத் தெரிந்தே நான் ஏற்றுக்கொண்ட அபாயம், அவ்வளவுதான். ஆல்கஹால் நீக்கிய ஒயினையும் முயன்று பார்த்தேன். சுவையைப் பற்றி எதுவும் சொல்லாதிருப்பது மரியாதை.

நாள்தோறும் கணிசமாகக் குடித்துவருபவர் யாரேனும் இதைப் படித்துவிட்டு நாளைக்கே அடியோடு நிறுத்தத் துணிந்தால், தயவுசெய்து முதலில் மருத்துவரைப் பாருங்கள். திடீரென நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் வரலாம். துடிப்புக் கோளாறையே அது கிளப்பிவிடவும் கூடும்.