ஃப்ளஷிங் (நியூயார்க், குவீன்ஸ்) தமிழ்க் குடும்பங்கள் குழு: அப்பாவின் கால் புண்ணுக்கு எங்க போறது?

வெள்ளிக்கிழமை

மாலை 6:41 – சுதா
எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து வந்திருக்கிற அப்பாவுக்கு (71) புது ஷூ கடிச்சு வலது குதிகாலில் கொப்புளம். உடைஞ்சு மூணு நாளாச்சு. இன்னிக்குச் சுத்திச் சிவந்திருக்கு. சுகர், பிபி ரெண்டும் உண்டு. எமர்ஜென்சியா, இல்ல உயிராபத்து இல்லாத அவசரத்துக்குப் பார்க்கிற அர்ஜென்ட் கேர் கிளினிக்கா? அவர் "ஒண்ணுமில்ல விடும்மா"ங்கிறார்.

6:43 – ஜெயந்தி மாமி
வெந்நீர்ல உப்பும் மஞ்சளும் போட்டு அரைமணி கால வச்சிருக்கச் சொல்லு. இழுத்துடும்.

6:44 – மீனா அக்கா
மாமி, சுகர் உள்ள காலுக்கு அது மட்டும் வேண்டாம். பாதத்துல உணர்ச்சி மங்கியிருந்தா சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். ஊற வச்சா தோல் நைஞ்சு புண்ணு பெருசாகும். சாதாரணக் குழாய்த் தண்ணில கழுவி, ஒத்தி எடுத்து, ஒட்டாத கட்டு போட்டா போதும்.
சுதா, நல்ல வெளிச்சத்துல பார்த்துச் சொல்லு. காய்ச்சல் எவ்வளவு? குளிர் நடுக்கம்? புண் விளிம்பிலிருந்து சிவப்பு எவ்வளவு தூரம்? காலுக்கு மேல கோடு மாதிரி ஏறுதா? கறுத்த தோல், கெட்ட வாடை? இப்ப சுகர்?

6:52 – சுதா
காய்ச்சல் 98.9. நடுக்கம் இல்ல. சிவப்பு ஒன்றரை செ.மீ. இருக்கும். கோடு, வாடை, கறுப்பு எதுவும் இல்ல. சுகர் 214, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்.

6:56 – மீனா அக்கா
அப்ப இன்னிக்கு ராத்திரியே அர்ஜென்ட் கேர். திங்கள்கிழமைன்னு தள்ளாதே. கிளம்பறதுக்கு முன்னாடி சிவப்போட எல்லையைச் சுத்திப் பேனாவால கோடு போட்டு, பக்கத்துல மணியை எழுதி ஒரு போட்டோ எடு. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டிப் பரவினா, 100.4 காய்ச்சல் வந்தா, வாந்தி எடுத்தா, சுகர் 300-க்குக் கீழ இறங்காம நின்னா நேரா எமர்ஜென்சி, யோசிக்கவே வேண்டாம்.
அர்ஜென்ட் கேர்ல புண்ணைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, சீழ் இருந்தா கல்ச்சருக்கு (என்ன கிருமின்னு பார்க்கிற டெஸ்ட்) எடுத்து, மாத்திரை எழுதுவாங்க. டெட்டனஸ் ஊசி கடைசியா எப்பன்னு தெரியலைன்னா அதையும் கேட்டுப் போட்டுக்கலாம். அட்மிஷன், ஆபரேஷன் அங்க கிடையாது. "எங்களால முடியாது, எமர்ஜென்சி போங்க"ன்னு சொன்னா அதை எழுதி வாங்கிக்கோ. இன்ஷூரன்ஸுக்கு உதவும்.

6:58 – மணி
சுதா, என்கிட்ட ஊர்ல வாங்கின அமாக்ஸிக்ளேவ் ஆண்டிபயாட்டிக் ஆறு மாத்திரை இருக்கு. கொண்டுவந்து தரவா? 🙏

6:59 – மீனா அக்கா
மணி, உன் நல்ல மனசுக்கு நன்றி, மாத்திரை வேண்டாம். ஆறு மாத்திரை முழுக் கோர்ஸ் இல்ல. அதோட மருந்து உள்ள போன பிறகு கல்ச்சர் எடுத்தா என்ன கிருமின்னு சரியாத் தெரியாது.

7:01 – கார்த்தி
அர்ஜென்ட் கேர்ல பார்த்துட்டு எமர்ஜென்சிக்கும் அனுப்பினா ரெண்டு பில் வருமே. நேரா எமர்ஜென்சி போனா ஒண்ணோட முடியாதா?

7:06 – ரமணி சார்
முடியாது. எமர்ஜென்சி பில் ஒரு பில் இல்ல, பில்களோட கூட்டம். மருத்துவமனையோட ஃபெசிலிட்டி ஃபீஸ் ஒண்ணு. அது கேஸோட கடுமையைப் பொறுத்து அஞ்சு லெவல், பில்லுல 99281-லிருந்து 99285 வரை கோட். டாக்டர் தனி, எக்ஸ்ரே படிச்சவர் தனி. கால் புண்ணுக்கே ஆயிரக் கணக்குல போகும். அர்ஜென்ட் கேர்ல கைக்காசு கொடுக்கிறவங்களுக்கு இங்க பெரும்பாலும் 150-லிருந்து 300 டாலர், எக்ஸ்ரேயும் லேபும் அதுக்கு மேல. கவுண்டர்லயே "செல்ஃப்-பே ரேட் என்ன, அதுல எதெல்லாம் அடக்கம், லேப் வெளிய போகுதா"ன்னு கேட்கணும். லேப் வெளிய போனா அவங்க பில் ஒரு மாசம் கழிச்சு வீட்டுக்கு வரும்.
போர்டையும் படிங்க. தெருவோரத்துல தனியா இருக்கிற இடம் எல்லாம் அர்ஜென்ட் கேர் இல்ல. மன்ஹாட்டன்ல கிரீன்விச் வில்லேஜ்ல இருக்கிற லெனாக்ஸ் ஹெல்த் மாதிரி தனியா நிக்கிற எமர்ஜென்சியும் உண்டு. டெக்சாஸ் பக்கம் இது ரொம்ப அதிகம். போர்டுல "எமர்ஜென்சி"ன்னு இருந்தா பில்லும் எமர்ஜென்சி பில்தான்.

7:08 – ரமணி சார்
இதைப் படிச்சுட்டு யாரும் நெஞ்சுவலிக்கு அர்ஜென்ட் கேர் போய் நிக்காதீங்க. 1986-ல வந்த எம்டாலா சட்டப்படி, மெடிகேர் (முதியோருக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ்) வாங்குற எந்த மருத்துவமனை எமர்ஜென்சியும் காசு, இன்ஷூரன்ஸ், விசா எதையும் காரணம் காட்டி அனுப்பிவிட முடியாது. பரிசோதிச்சு, ஆபத்து நிலையைச் சரிப்படுத்தியே ஆகணும். ஆனா அந்தச் சட்டம் பில்லைத் தள்ளுபடி பண்ணாது. நிறைய பேர் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

7:10 – சுதா
சரி சார். ஒருவேளை எமர்ஜென்சி போக வேண்டி வந்தா எந்த மருத்துவமனை?

7:13 – மீனா அக்கா
நம்ம பக்கத்துல மெயின் ஸ்ட்ரீட்ல நியூயார்க்-ப்ரெஸ்பிடீரியன் குவீன்ஸ், கொஞ்சம் தள்ளி எல்ம்ஹர்ஸ்ட். எல்ம்ஹர்ஸ்ட் நகர அரசாங்க மருத்துவமனை, மன்ஹாட்டன்ல இருக்கிற பெல்வியூ மாதிரி அதே ஹெல்த் + ஹாஸ்பிட்டல்ஸ் அமைப்பு. ரெண்டுலயும் வந்த வரிசைப்படி பார்க்க மாட்டாங்க, ஆபத்து வரிசைப்படிதான். கால் புண்ணுக்குப் பல மணி நேரம் உட்காரணும். மாத்திரை, சார்ஜர், பிஸ்கட் கையில இருக்கணும். ஆனா சாப்பிடறதுக்கு முன்னாடி நர்ஸைக் கேளு.

7:15 – மீனா அக்கா
நெஞ்சுவலி, மூச்சு முட்டல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் விழறது இதுக்கெல்லாம் ஊபர் பிடிக்காதீங்க, 911. ஆம்புலன்ஸ் பில் ஆயிரம் டாலருக்கு மேல வரும்தான். ஆனா வழியிலேயே ஈசிஜி எடுத்து, பக்கவாதத்துக்கு ஏத்த மருத்துவமனைக்குக் கொண்டு போவாங்க. கடைசியா எப்ப நல்லா இருந்தார்னு மணியைச் சொல்லுங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. தூங்கி எழுந்தப்பதான் பார்த்தோம்னா, படுக்கப் போன நேரத்தைச் சொல்லணும்.
குவீன்ஸ்ல அட்ரஸ் ஒரு பொறி. 41-வது அவென்யூ, 41-வது ரோடு ரெண்டும் இங்கேயே இருக்கு. அவென்யூவா ரோடா ஸ்ட்ரீட்டான்னு அழுத்திச் சொல்லி, குறுக்குத் தெருவையும் சொல்லுங்க. ஒருத்தர் கீழ போய் லாபி கதவைத் திறந்து லிஃப்டைப் பிடிச்சு வைக்கணும்.

7:18 – சுதா
மெயின் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு அர்ஜென்ட் கேர்ல 8 மணிக்கு இடம் போட்டாச்சு. என்ன எடுத்துட்டுப் போகணும்?

7:22 – ரமணி சார்
பாஸ்போர்ட், இன்ஷூரன்ஸ் அட்டை, சாப்பிடற எல்லா மாத்திரையும். பேரு பாஸ்போர்ட்லயும் பாலிசியிலயும் எப்படி இருக்கோ அப்படியே. நம்ம ஊர் இனிஷியலை ஒரு இடத்துல விரிச்சு, ஒரு இடத்துல சுருக்கி எழுதினா கிளெய்ம் அங்கேயே நிக்கும். பிறந்த தேதியை மாசம் முதல்ல வச்சு எழுதணும். 04/07-ன்னா இவங்களுக்கு ஏப்ரல் 7. சந்தேகமா இருந்தா மாசத்தை எழுத்தால எழுது.
முக்கியமானது: ஃபார்ம்ல "கேரண்டர்"னு ஒரு கட்டம் இருக்கும். அதுல நீ கையெழுத்துப் போட்டா பில் உன் தலையில. அப்பா தெளிவா இருக்கார்னா அவரே போடட்டும். தபால் முகவரி மட்டும் உன்னோடது, இல்லைன்னா பில் காரைக்குடிக்குப் போகும்.

7:24 – ரமணி சார்
எது பாலிசி? ஊர்ல எடுத்ததா, இங்க எடுத்ததா?

7:26 – சுதா
இங்க எடுத்தது சார். "அக்யூட் ஆன்செட்"னு போட்டிருக்கு.

7:31 – ரமணி சார்
அப்ப கவனமா இரு. அந்த வார்த்தைக்கு அர்த்தம், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு, அது திடீர்னு முத்தினா மட்டும் கொடுப்பான். பல பாலிசியில 24 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பார்த்திருக்கணும்னும் இருக்கும். இங்க மூணு நாளாச்சு. அதனால டாக்டர்கிட்ட "சுகர் புண்"ணுன்னு தொடங்காம, நடந்ததை வரிசையாச் சொல்லு. புது ஷூ, கொப்புளம், உடைஞ்சது, சிவந்தது. சுகர் உண்டு, மருந்து இதெல்லாம். பொய் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஆனா டாக்டர் முதல் வரியில எழுதுறதைத்தான் இன்ஷூரன்ஸ்காரன் படிப்பான். காயம்னா அது புது நிகழ்வு.
அர்ஜென்ட் கேர் பலதுல விசிட்டர் இன்ஷூரன்ஸை நேரடியா எடுக்க மாட்டாங்க. காசு கட்டிட்டு, ஐட்டம் வாரியான பில், சிபிடி கோட் (செஞ்ச சிகிச்சைக்கு), ஐசிடி-10 கோட் (நோய்க்கு), டாக்டர் குறிப்பு, ரசீது எல்லாம் கேட்டு வாங்கு. கிரெடிட் கார்டு ஸ்லிப் மட்டும் அனுப்பினா திரும்பி வரும்.

7:33 – மீனா அக்கா
அப்பாவுக்கு இங்கிலீஷ் சரளமா வரலைன்னா தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளு. பெரிய மருத்துவமனைகள்ல போன்லயோ வீடியோலயோ கொடுப்பாங்க, காசு வாங்கக் கூடாது. மகள் மொழிபெயர்த்தா அப்பாக்கள் பாதியை முழுங்கிடுவாங்க, அனுபவப்பட்ட எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வாங்க.

இரவு 8:47 – சுதா
பார்த்தாச்சு. எக்ஸ்ரேல எலும்பு நல்லா இருக்கு. பாக்ட்ரிம் டிஎஸ்னு ஒரு ஆண்டிபயாட்டிக், தினம் ரெண்டு வேளை, 7 நாள். எந்த மருந்துக் கடைன்னு கேட்டு கம்ப்யூட்டர்லயே அனுப்பிட்டாங்க.

8:49 – பாலா அண்ணா
இப்பதான் ஷிஃப்ட் முடிஞ்சு பார்க்கிறேன். சுதா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?

8:51 – சுதா
டெல்மா 40, கிளைகோமெட் ஜிபி 2, ஈகோஸ்ப்ரின் 75. சாயங்காலம் மிக்ஸ்டார்ட் 20 யூனிட். ஸ்ட்ரிப்பையெல்லாம் டாக்டர்கிட்ட காட்டினேன் அண்ணா.

8:55 – பாலா அண்ணா
அந்தப் பேரெல்லாம் இங்க யாருக்கும் தெரியாது, ஸ்ட்ரிப் காட்டினா போதாது. டெல்மான்னா டெல்மிசார்டன். அதோட பாக்ட்ரிம் சேர்ந்தா ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், 71 வயசுல அது விளையாட்டு இல்ல. கிளைகோமெட் ஜிபின்னா மெட்பார்மினும் கிளிமிபிரைடும். கிளிமிபிரைடோட பாக்ட்ரிம் சேர்ந்தா சுகர் சட்டுனு இறங்கும், இன்சுலினும் போடறார். உடனே அர்ஜென்ட் கேருக்குப் போன் பண்ணி இந்த ரெண்டு மருந்தையும் ஜெனரிக் பேர்ல (கம்பெனிப் பேர் இல்ல, உள்ள இருக்கிற மருந்தோட பேர்) சொல்லி "வேற மருந்து மாத்த முடியுமா"ன்னு கேளு. பென்சிலின் அலர்ஜி உண்டா, கடைசி கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) எவ்வளவுன்னு கேட்பாங்க. ஊர் லேப் ரிப்போர்ட் போன்ல இருந்தா தயாரா வை. முடிவு டாக்டரோடது, நீயா எதையும் நிறுத்தாதே.

9:08 – சுதா
மாத்திட்டாங்க அண்ணா. டாக்ஸிசைக்ளின். ரொம்ப நன்றி 🙏🙏 கடை 9-க்கே மூடிட்டாங்களாம்.

9:10 – பாலா அண்ணா
நியூயார்க்ல 2016-லிருந்து சீட்டு பெரும்பாலும் எலெக்ட்ரானிக்தான். மூடின கடைக்குப் போயிருந்தா காலையில வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அர்ஜென்ட் கேர் மூடறதுக்குள்ள 24 மணி நேரக் கடை ஒண்ணுக்கு மாத்தி அனுப்பச் சொல்லு. குட்ஆர்எக்ஸ்ங்கிற மருந்துத் தள்ளுபடிக் கூப்பனைப் போன்ல காட்டு, அதுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் தேவையில்ல. விலை கடைக்குக் கடை மாறும். அவசரமில்லாத மருந்துன்னா காஸ்ட்கோ மருந்துப் பிரிவுல மெம்பர் ஆகாமலே வாங்கலாம்.
மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணியோட போட்டுட்டு அரைமணி படுக்கக் கூடாது, தொண்டைக் குழாயில ஒட்டிப் புண்ணாக்கும். பாலோட வேண்டாம். வெயில்ல நடந்தா தோல் சிவக்கும்.

9:13 – சுதா
இன்சுலின் பத்து நாளைக்குத்தான் இருக்கு அண்ணா. ஊர்ச் சீட்டைக் காட்டி வாங்க முடியுமா?

9:20 – பாலா அண்ணா
ஊர்ச் சீட்டு இங்க செல்லாது. அமெரிக்காவுல லைசன்ஸ் உள்ள டாக்டர் எழுதணும். ஆனா பழைய வகை மனித இன்சுலின் 70/30 சீட்டு இல்லாமலே கிடைக்கும், மிக்ஸ்டார்ட் 30/70-ன்னா அதே விகிதம்தான். வால்மார்ட்ல ரிலையான் பேர்ல ஒரு குப்பி 25 டாலர் சுமார். நகரத்துக்குள்ள வால்மார்ட் இல்ல, லாங் ஐலண்டுக்கோ ஜெர்சிக்கோ போகணும்.
இதை எல்லாரும் நிறுத்திப் படிங்க. ஊர்க் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். இங்க 100 யூனிட். ஊர்ல இருந்து கொண்டுவந்த சிவப்பு மூடி சிரிஞ்சில இங்கத்த இன்சுலினை 20 கோடு வரை இழுத்தா அது அரை மில்லி, அதாவது 50 யூனிட். ரெண்டரை மடங்கு. ராத்திரி தூக்கத்துலேயே மயக்கம் போட்டுடுவார். இங்கத்த குப்பிக்கு இங்கத்த ஆரஞ்சு மூடி சிரிஞ்சுதான். அதுல 20 யூனிட்டுன்னா 20-தான், டோஸ் மாறாது. குப்பி மாறின அன்னிக்கே பழைய சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுடு.

9:24 – மணி
எங்க அம்மா வில்டாகிளிப்டின் சாப்பிடறாங்க. அடுத்த மாசம் வராங்க. இங்க கிடைக்குமா?

9:26 – பாலா அண்ணா
கிடைக்காது. வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், கிளிக்லசைடு மூணும் இங்க விற்பனையிலேயே இல்ல. தங்கற நாளுக்கும் அதுக்கு மேல ரெண்டு வாரத்துக்கும் கொண்டு வரச் சொல்லு. ஒரிஜினல் ஸ்ட்ரிப், ஜெனரிக் பேர் போட்ட டாக்டர் கடிதம், எல்லாம் கைப்பையில. இன்சுலினைச் செக்-இன் பெட்டியில போட்டா உறைஞ்சு வீணாகலாம்.

9:31 – ரமணி சார்
சுதா, திங்கள்கிழமை பாத டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போடறப்ப "குட் ஃபெய்த் எஸ்டிமேட்" (எவ்வளவு செலவாகும்ங்கிற மதிப்பீடு) எழுத்துல கேளு. 2022-லிருந்து கைக்காசு நோயாளிக்கு அதைக் கொடுத்தே ஆகணும். பில் அந்த எஸ்டிமேட்டை 400 டாலரோ அதுக்கு மேலயோ தாண்டினா 120 நாளுக்குள்ள ஆட்சேபிக்கலாம்.
எப்பவாவது மருத்துவமனையில பெரிய பில் வந்தா கட்டவும் வேண்டாம், குப்பையில போடவும் வேண்டாம். லாபநோக்கில்லாத மருத்துவமனைன்னா நிதி உதவி விண்ணப்பத்தை முதல் பில்லிலிருந்து 240 நாள் வரைக்கும் வாங்கிக்கணும், அது மத்திய வரிச் சட்டம். ஆனா அவசர மெடிக்கெய்ட் (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசாங்க உதவி) ஃபார்மை நீட்டினா படிக்காம கையெழுத்துப் போடாதீங்க.  சுற்றுலா விசாவில வந்தவர் குடியிருப்பவர்னு எழுதிக் கொடுத்தா அடுத்த விசாவுல அதைக் கேட்கலாம்.

9:34 – கார்த்தி
சார், அப்படியே ஒண்ணு. மாமனாருக்குக் கடைவாய்ப் பல்லுல வலி. இதுக்கும் அர்ஜென்ட் கேரா?

9:37 – ரமணி சார்
போனா வலி மாத்திரை கொடுத்து அனுப்புவாங்க, பல்லைத் தொட மாட்டாங்க. எமர்ஜென்சியும் அப்படித்தான். முகம் வீங்கி, வாய் திறக்க முடியாம, முழுங்க முடியாம இருந்தா மட்டும் எமர்ஜென்சி. இல்லைன்னா மன்ஹாட்டன்ல 345 ஈஸ்ட் 24-வது தெரு, என்ஒய்யூ பல் மருத்துவக் கல்லூரி. மாணவர்கள் பார்ப்பாங்க, பேராசிரியர் சரிபார்ப்பார், தனியார் பல் டாக்டரை விடக் குறைவு. நேரம் பிடிக்கும். வார நாள்ல காலையிலேயே போய்டணும், போன் பண்ணிக் கேட்டுட்டுக் கிளம்பு.

9:38 – பாலா அண்ணா
ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா கார்த்தி? பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி அதைச் சொல்லணும். ஜெனரிக் பேர்ல.