விற்பனைக்கு 1967 பான்டியாக் ஜி.டி.ஓ.: பழைய பெயிண்ட்டைத் தொடலாமா?

வுட்வர்ட் வேலன்:
மிச்சிகனில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கும் பெரியவர், ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு செய்த தன் 1967 ஜி.டி.ஓ. காரை விற்கப்போகிறார். 1974 முதல் அவரிடம்தான் இருக்கிறது. 400 கன அங்குல இன்ஜின், 335 குதிரைத்திறன், நான்கு கியர் மேனுவல். நிறம் சிக்னெட் கோல்டு. தொழிற்சாலையில் அடித்த அதே பெயிண்ட் என்கிறார், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. பானெட்டில் இரண்டு இடத்தில் காசளவுக்குத் தேய்ந்து பிரைமர் என்ற அடிப்பூச்சு எட்டிப் பார்க்கிறது. டிரைவர் கதவில் ஒரு சின்னப் பள்ளம். மோரோக்கைடு என்ற செயற்கைத் தோல் இருக்கைகளில் ஒரு கிழிசல் கிடையாது. மீட்டரில் 41,000 மைல். கேட்கும் விலை 58,000 டாலர். வாங்கினால் ஓர் ஆணியைக்கூட மாற்ற மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவர் அதைச் செலவு மிச்சம் என்று புரிந்துகொண்டார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தகரம்தட்டி:
வேலன் தம்பி, டிங்கரிங் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அன்று ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லாக்கர். மெல்லிய பூச்சு. வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். பாலிஷ் போடப் போட இன்னும் மெலிந்து, விளிம்புகளில் முதலில் போய்விடும். பிரைமர் தெரிகிற இடத்தில் அடுத்தது துருதான். பழைய பெயிண்ட்டை முழுக்க எடுத்துவிட்டு, அதே சிக்னெட் கோல்டை நல்ல கிளியர் கோட்டுடன் (நிறமில்லாத மேல்பூச்சு) அடியுங்கள். பார்க்கிறவன் கண் கூசும். கிழிந்த வேட்டியைப் பாட்டன் வேட்டி என்று கல்யாணத்துக்குக் கட்டிப்போவீர்களா?

நோவி நாச்சியார்:
தகரம்தட்டி அண்ணா, பாட்டன் வேட்டியைக் கட்டிப்போக மாட்டோம். ஆனால் பெட்டியில் இருக்கும் அதைச் சாயம் போட்டுப் புதிதாக்கவும் மாட்டோம்.

கண் கூசுகிற ஜி.டி.ஓ. எந்தக் கண்காட்சியிலும் கிடைக்கும். 1967-இல் மட்டும் 81,722 கார்கள் செய்தார்கள். மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஒருமுறையாவது உரித்து அடிக்கப்பட்டவை. பழைய லாக்கருக்குள் ஆழம் தெரியும், கிளியர் கோட்டில் மேலே கண்ணாடி ஒட்டியது போல இருக்கும். இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

வேலன், வாங்குவதற்கு முன் பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். தொழிற்சாலைப் பூச்சு என்றால் பொதுவாக ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு காட்டும். திடீரென்று முப்பது, நாற்பது என்று ஏறினால் உள்ளே பள்ளம் நிரப்பிய பட்டி இருக்கிறது. கருவி கிடைக்காவிட்டால் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற காந்தம் போதும், பட்டியில் அது பிடிக்காது. பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கீழ்த்தகடு, டிக்கியின் தரை, பின் கண்ணாடியின் கீழ்விளிம்பு ஆகிய மூன்றையும் விட்டுவிடாதீர்கள். மிச்சிகன் சாலை உப்பு முதலில் தின்பது அங்கேதான்.

கணக்கன்:
எல்லோரும் பெயிண்ட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். 1967-இல் இந்தக் காரின் அடிப்படை விலை மூவாயிரம் டாலருக்கும் சற்றுக் குறைவு. அன்றிலிருந்து அமெரிக்க விலைவாசி ஏறக்குறைய ஒன்பது மடங்கு ஏறியிருக்கிறது. அதன்படி 27,000 சொச்சம். அதே மூவாயிரத்தைப் பங்குச் சந்தைக் குறியீட்டில் போட்டிருந்தால், டிவிடெண்ட் சேர்க்காமலே ஐம்பது மடங்குக்கு மேல். இடையில் காப்பீடு, காரேஜ், ஆயில், டயர் எல்லாம் வேறு. பான்டியாக் என்ற பெயருக்கே ஜெனரல் மோட்டார்ஸ் 2009-இல் முடிவு அறிவித்துவிட்டது. இந்தக் கார்களைக் கனவு கண்ட தலைமுறைக்கு இன்று எண்பது வயது. இன்னும் பத்து ஆண்டில் யார் வாங்குவார்கள்?

வுட்வர்ட் வேலன்:
கணக்கன் சார், குறியீட்டு நிதியை ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் ஓட்டிக்கொண்டு போக முடியுமா? அன்று அங்கே நடக்கும், 1995-இல் ஆரம்பித்த பழங்கார் ஊர்வலம் ஃபெர்ண்டேலில் தொடங்கிப் பான்டியாக் நகரம் வரை போகிறது, இந்தக் கார் பிறந்த ஊர் வரை. விற்கிற எண்ணத்தோடு வாங்கவில்லை.

கணக்கன்:
விற்கிற எண்ணத்தோடு யாரும் வாங்குவதில்லை, தம்பி. விற்கிற நாள் தானாக வரும். அந்தப் பெரியவரைக் கேளுங்கள்.

இன்னொன்று. மீட்டரில் 41,000 என்கிறீர்கள். அந்தக் கால மீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி சுழியத்திலிருந்து ஆரம்பிக்கும். 1,41,000 ஓடியிருந்தாலும் அது 41,000 என்றுதான் காட்டும். ஐம்பது ஆண்டு ஒருவரிடம் இருந்தது என்பதெல்லாம் சான்று ஆகாது.

நோவி நாச்சியார்:
இதில் கணக்கன் சொல்வது சரி. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்து மேலே தூக்கிப் பாருங்கள், கீல் தேய்ந்திருந்தால் ஆடும். கதவு விளிம்பில் ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? பெரியவர்கள் பில்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். தேதியும் மைலும் உள்ள பில் ஐந்து இருந்தால் போதும்.

அதைவிட முக்கியமானது இன்ஜின். "நம்பர் பொருந்துகிறது" என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். 1967 பான்டியாக்கில் எதோடு எது பொருந்துகிறது? காரின் வரிசை எண்ணை இன்ஜின் பிளாக்கில் பொறிக்கும் வழக்கம் பான்டியாக்கில் 1968-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய இன்ஜினில் தனியாக ஓர் அலகு எண்ணும், இரண்டெழுத்துக் குறியீடும் மட்டும் இருக்கும். அந்த அலகு எண் இந்தக் காருக்கு உரியதா என்று காட்டுவது தொழிற்சாலைப் பில். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் அந்தப் பழைய ஆவணங்களின் நகல் இருக்கிறது, பணம் கட்டினால் அனுப்புவார்கள். வாய்ச் சொல்லுக்கு 58,000 டாலர் கொடுக்காதீர்கள்.

ஒரு நல்ல செய்தி: கதவுத் தூணில் இருக்கும் எண் 242 என்று தொடங்கினால் அது பிறவியிலேயே ஜி.டி.ஓ.தான். 1964, 1965 கார்களில் ஜி.டி.ஓ. என்பது பான்டியாக்கின் லெமான்ஸ் காரின் மேல் வாங்கும் கூடுதல் தொகுப்பு, எண்ணைப் பார்த்துத் தெரியாது. போலிகள் அங்கேதான் அதிகம்.

தகரம்தட்டி:
நாச்சியார் தங்கச்சி இன்ஜினுக்கு ஜாதகம் பார்க்கச் சொல்கிறார். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த "ஒரிஜினல்" பக்தியைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஜி.டி.ஓ.வின் புகழே மாற்றிய இன்ஜினில் பிறந்தது. 1964-இல் ஒரு கார் இதழ் இதை ஃபெராரிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசிப் பரபரப்பை உண்டாக்கியது. சோதனைக்குப் போன காரில் 389 கன அங்குல இன்ஜின் இருந்ததாகத்தான் ஊர் நம்பியது. உள்ளே இருந்ததோ 421. விளம்பர வேலை பார்த்த ஜிம் வாங்கர்ஸ் பிற்காலத்தில் தானே ஒப்புக்கொண்டார். அந்தக் காரைத் தயார் செய்தது இதே மிச்சிகனில் ராயல் ஓக் ஊரில் இருந்த ராயல் பான்டியாக் என்ற டீலர்.

அதற்கும் முன்னால் போங்கள். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் விதி வைத்திருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியன் கூட்டம் "இது தனி மாடல் இல்லை, கூடுதல் தொகுப்பு" என்று சொல்லிப் பெரிய இன்ஜினை உள்ளே நுழைத்தது. பெயரையும் ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டது. விதியை மீறிப் பிறந்த வண்டிக்கு இவ்வளவு ஆசாரமா?

நோவி நாச்சியார்:
அழகான கதை. ஆனால் அது வண்டியைச் செய்தவர்கள் செய்த குறும்பு. நாம் பேசுவது, செய்து முடித்ததை நாம் அழிக்கலாமா என்று. உங்கள் வாட்டர் பேப்பர் ஒருமுறை தேய்த்தால் 1967-இல் அந்தத் தொழிற்சாலையில் ஒருவர் அடித்த பூச்சு போயிற்று. திரும்பி வராது. பிரைமர் தெரியும் இரண்டு காசுக்கு மெழுகு தடவி, ஈரம் படாத காரேஜில் நிறுத்தினால் இன்னும் முப்பது ஆண்டு தாங்கும்.

தகரம்தட்டி:
சரி, பெயிண்ட்டை விடுங்கள். "ஓர் ஆணியைக்கூட மாற்ற மாட்டேன்" என்று வேலன் எழுதினாரே, அதற்கு வருகிறேன். இதை நிதானமாகப் படியுங்கள், தம்பி.

அந்த இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் பல்சக்கரம் அலுமினியம், அதன் பற்கள் நைலான். சத்தம் குறையட்டும் என்று அப்படிச் செய்தார்கள். சூட்டிலும் ஆயிலிலும் கிடந்து நைலான் மொறுமொறுவென்று ஆகிவிடும். கார் ஓடினால்தான் தேயும் என்று எண்ணாதீர்கள், நின்றாலும் கிழடாகும். ஒருநாள் பல் உடையும். உடைந்த துண்டு ஆயில் சம்ப்பில் விழுந்து பம்ப்பின் சல்லடையை அடைக்கும். அதோடு போனால் பேரிங் போகும். பல்சக்கரத்தின் மேல் ஓடும் செயின் தாவினால் வால்வும் புஷ்ராடும் வளையும். நம்பர் பொருந்துகிற அந்த இன்ஜினை, எந்த எண்ணுக்காக ஜாதகம் பார்க்கிறீர்களோ அதே இன்ஜினை, ஒரிஜினல் பல்சக்கரமே கொன்றுவிடும். இப்படி மூன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

சிவப்புக் கோடு போட்ட ரெட்லைன் டயர் பழையதாக இருந்தால் அதில் ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள். பெட்ரோல் ரப்பர்க் குழாய்களையும் மாற்றுங்கள், அவை எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்றால், ஆயிரத்து அறுநூறு கிலோவை வேகத்திலிருந்து இரண்டு முறை நிறுத்தினால் மூன்றாவது முறை பெடல் மட்டும்தான் கீழே போகும்.

நோவி நாச்சியார்:
பல்சக்கரம் விஷயத்தில் நான் அண்ணாவின் பக்கம். அதை மாற்றித்தான் ஆகவேண்டும், முழு இரும்பில் கிடைக்கிறது. யார் கண்ணிலும் படாது. டயர், குழாய் இரண்டும் அப்படியே.

பிரேக்கில் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1967-இல் முன்சக்கர டிஸ்க் கூடுதல் விலைக்குக் கிடைத்தது, நான்கிலும் டிரம் என்றால் இந்தக் காரை முதலில் வாங்கியவர் அதை எடுக்கவில்லை. அதுவும் அதன் கதைதான். ஆனால் 1967-இல் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வந்துவிட்டது, முன்சக்கரக் குழாய் வெடித்தாலும் பின்சக்கர பிரேக் பிடிக்கும். டிரம்மை நல்ல நிலையில் வைத்து, முன்னால் போகிறவரிடமிருந்து தள்ளி ஓட்டினால் போதும்.

தகரம்தட்டி:
முன்னால் போகிறவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சட்டென்று நிற்கிற காலம் இது. டிஸ்க் மாட்டிவிட்டு, டிரம்மைத் துடைத்து எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள். வேண்டும்போது திரும்ப மாட்டலாம். நீங்கள் சொன்ன அளவுகோல்தானே, திரும்ப வராததைத் தொடக்கூடாது? இது திரும்ப வரும்.

நோவி நாச்சியார்:
என் கத்தியால் என்னையே குத்துகிறீர்கள். பிரேக்கை வேலனே முடிவு செய்யட்டும். பெயிண்ட்டை மட்டும் தொட விடமாட்டேன்.

கணக்கன்:
பல்சக்கரம், டயர், குழாய், பிரேக், உழைப்புக்கூலி. நான் கூட்டிக்கொண்டிருக்கிறேன். 58,000-இல் நிற்கவில்லை.

வுட்வர்ட் வேலன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆவணம் வந்தது. 242-இல்தான் தொடங்குகிறது, இன்ஜின் அலகு எண் பில்லோடு பொருந்துகிறது. பெரியவரிடம் ஷூ டப்பா நிறைய பில்கள் இருந்தன, 41,000 உண்மை. பெயிண்ட் அளவு எங்கும் ஐந்தைத் தாண்டவில்லை, டிரைவர் பக்கப் பின் தகட்டின் கீழே மட்டும் இருபத்தெட்டு. அதைக் காட்டியதும் பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 1981-இல் பனியில் சறுக்கித் தபால் பெட்டியில் இடித்ததாகவும், அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னார். விலையை 54,500-க்கு இறக்கினார். வாங்கிவிட்டேன்.

பழங்கார் நம்பர் பிளேட் எடுத்திருக்கிறேன். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் அதில் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் மிச்சிகனில் விதிவிலக்கு. அதற்குள் முடிக்கவேண்டும் என்று தகரம்தட்டி அண்ணனின் பட்டறைக்கே கொண்டுபோனேன். பெயிண்ட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், தொடவில்லை. பல்சக்கரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மூன்று பற்கள் இல்லை.

நோவி நாச்சியார்:
மூன்றும் சம்ப்பில் கிடந்தனவா?

தகரம்தட்டி:
இரண்டு கிடைத்தன. இந்த வண்டியில் இன்ஜினைத் தூக்கினால்தான் சம்ப் கழலும், ஆகவே தூக்கித்தான் பார்த்தேன். மூன்றாவதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை சாவி என்னிடம் இருக்கும், தம்பி.