கங்கைகொண்டசோழபுரத்துக்கு ஒரு முழு நாள் தேவையா?

வந்தாறுமூலை மாணவன்:
எமது வரலாற்று மாணவர் குழு வருகிற விடுமுறையில் கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விமானத்தில் சென்று தஞ்சாவூரில் தங்கவிருக்கிறது. அதில் ஒரு முழு நாளைச் சோழரின் தலைநகராக இருந்த கங்கைகொண்டசோழபுரத்துக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும் என்பது எனது முன்மொழிவு. தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர். காலையில் சோழ மன்னன் முதலாம் இராஜேந்திரன் கட்டிய கோயிலையும், பிறகு சோழர் அரண்மனையின் செங்கல் அத்திவாரங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்ட மாளிகைமேட்டையும் பார்க்கலாம். தாராசுரம் கோயிலை அந்த நாளில் சேர்க்கக் கூடாது. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

கல்முனை வாசகன்:
தம்பி, கோயிலைப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1987இல் கிடைத்த உலக மரபுரிமைத் தகுதி 2004இல் கங்கைகொண்டசோழபுரத்துக்கும் தாராசுரத்துக்கும் விரிவாக்கப்பட்டது என்பதும் தெரிந்ததே. ஆனால் மாளிகைமேட்டில் முழங்கால் உயரச் சுவர்களைத் தவிர அதிகம் இல்லை. விசாவுக்கும் விமானத்துக்கும் கடன்பட்டுப் பணம் கட்டுகிற பெற்றோரிடம், மூன்றாவது கோயிலை விட்டுவிட்டுச் செங்கல் வரிசையைப் பார்த்து வந்தோம் என்று எப்படிச் சொல்வீர்கள்? கும்பகோணத்துக்கு அருகில், நீங்கள் போகிற பாதையிலேயே இருக்கிற தாராசுரத்தை ஒதுக்குவது வீண் பிடிவாதம்.

செங்கலடி டீச்சர்:
எனது மறுப்பு வேறு. பொலன்னறுவையை ஒழுங்காகப் பார்க்காத பிள்ளைகளை ஏன் கடல் கடந்து கூட்டிச் செல்ல வேண்டும்? கொழும்பு ரயிலில் பொலன்னறுவை நிலையம் இருக்கிற கதுருவெலையைக் கடக்கும்போது எட்டிப் பார்ப்பதோடு எத்தனை பேர் நின்றுவிடுகிறோம்! சோழர் இங்கே ஆட்சிமையமாக வைத்திருந்த நகரம் அது. இராஜேந்திரனுடைய தாயின் பெயரைத் தாங்கிய வானவன்மாதேவி ஈஸ்வரம், இரண்டாம் சிவ தேவாலயம் என்ற பெயர்ப்பலகையோடு இன்றும் அங்கே முழுக் கற்கட்டடமாக நிற்கிறது. அதன் சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பஸ்ஸில் போய் அன்றே திரும்பலாம்.

வந்தாறுமூலை மாணவன்:
டீச்சர், நீங்கள் சொல்வதே எனது முன்மொழிவுக்கும் ஆதாரம். 1017இல் சோழர் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துத் தமிழகத்துக்குக் கொண்டு சென்றது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவன் அங்கேயே இறந்தான் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. இலங்கையின் ஓர் அரசன் சோழநாட்டில் கைதியாக இருந்த அதே ஆண்டுகளில்தான் கங்கைகொண்டசோழபுரம் புதிய தலைநகராக எழுந்தது. பொலன்னறுவையில் ஆளப்பட்ட பக்கத்தைப் பார்க்கிறோம்; ஆண்டவர்கள் எங்கிருந்து ஆண்டார்கள், அந்த இடத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அங்கே போனால்தான் காண முடியும்.

கல்முனை அண்ணனின் கேள்விக்கு: முழங்கால் உயரச் சுவர்தான் பாடமே. சோழர் கோயிலைக் கருங்கல்லில் கட்டினார்கள். அரண்மனையைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். ஆகவே கோயில் கருவறையின் மேல் எழும் விமானம் ஐம்பது மீற்றருக்கு மேல் இன்றும் நிமிர்ந்து நிற்கையில், அரசன் குடியிருந்த வீடு மண்மேடாகிவிட்டது. அகழ்வில் கூரையோடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. கடல் வணிகத்தைப் பற்றி வகுப்பில் படிப்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறென்ன? கோயிலும் சேதமின்றித் தப்பவில்லை. 1836இல் கொள்ளிடம் ஆற்றின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது அதன் மதிற்சுவர்க் கற்கள் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. அணைக்கரையில் வாகனத்தை நிறுத்தி அந்த அணையையும் காட்ட வேண்டும் என்பது எனது விருப்பம். இவ்வளவையும் அரை நாளுக்குள் அடக்கினால் ஓடி ஓடிப் படம் எடுப்பதாகத்தான் முடியும்.

கல்முனை வாசகன்:
அணையைச் சேர்த்தது நல்ல யோசனை. ஒரு தலைநகர் எப்படிக் கரைந்தது என்பதைப் பிள்ளைகள் அதில் விளங்கிக்கொள்வார்கள். ஆனாலும் தாராசுரத்தைக் கைவிட நான் உடன்படவில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் நண்பகலில் நடை சாத்துவது வழக்கம். அந்த நேரத்தில் நிழலில்லாத மாளிகைமேட்டில் இளம்பிள்ளைகளை நிறுத்தி விளக்கம் சொன்னால், பத்து நிமிடத்தில் எல்லாரும் தண்ணீர்ப் போத்தலைத்தான் ஆராய்வார்கள். விடியற்காலையில் புறப்பட்டு மாளிகைமேட்டை முதலில் பாருங்கள்; வெயில் ஏறுமுன் கோயிலுக்குப் போய், திரும்பும் வழியில் மாலையில் தாராசுரத்தில் ஒரு மணித்தியாலம் நில்லுங்கள்.

செங்கலடி டீச்சர்:
மாளிகைமேட்டை முதலில் வைக்கும் ஒழுங்கு சரியானது. தாராசுரம் பற்றி நான் தம்பியின் பக்கம்: அது இரண்டாம் இராஜராஜன் காலத்தது, நூறாண்டுக்கு மேல் பிந்தியது, ஒரே நாளில் பார்த்தால் பிள்ளைகள் எந்தச் சிற்பம் எந்தக் கோயிலில் என்று குழம்பிப்போவார்கள். அடுத்த நாள் தஞ்சாவூரிலிருந்து தனியாகப் போகலாம்.

ஆயினும் எனது நிபந்தனையை நான் விடவில்லை. விமானச்சீட்டுப் பதிவு செய்வதற்கு முன் முழுக் குழுவும் பொலன்னறுவைக்கு ஒரு நாள் போக வேண்டும். வானவன்மாதேவி ஈஸ்வரத்தின் விமானத்தை அளவோடு வரைந்து குறிப்பெடுத்தவர்களே இந்தியப் பயணத்தில் சேரலாம். பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலத் திருவுருவங்களைக் கொழும்புத் தேசிய நூதனசாலையில் பார்க்கவும் வேண்டும். கொழும்புக்கு எப்படியும் விமானம் ஏறப் போகத்தான் வேண்டும். ஒரு நாள் முன்னதாகப் புறப்படுங்கள்.

வந்தாறுமூலை மாணவன்:
பொலன்னறுவை நிபந்தனையை ஏற்கிறேன். குறிப்பெடுக்காதவர்களை நீக்குவதை ஏற்கவில்லை. முதல் தடவை வெளிநாடு போகிறவர்களுள் சிலர் அங்கே போன பிறகுதான் எழுதத் தொடங்குவார்கள். நூதனசாலைக்கான கூடுதல் தங்குமிடச் செலவைக் கணக்கிட்டு நாளை இங்கே இடுகிறேன். தாராசுரத்தைப் பற்றிக் குழுவில் வாக்கெடுப்போம்.