யோகா வகுப்பு முடிந்ததும் தலைசுற்றல், வாந்தி. தொடரலாமா?

நெல்லைக்காரி:
வணக்கம். எனக்கு 47 வயது, மூன்று வருடமாக பிரஷருக்கு டெல்மிசார்டான் 40 எடுக்கிறேன், சர்க்கரை கிடையாது. எங்கள் தெருவில் ஒரு மொட்டைமாடியில் காலை ஆறு மணிக்கு யோகா வகுப்பு நடக்கிறது, பத்து நாளாகப் போகிறேன். முதல் வாரம் உடம்பு லேசாக இருந்தது, தூக்கமும் நன்றாக வந்தது, அதனால்தான் விட மனசில்லை. திங்கட்கிழமை கபாலபாதி, அதாவது மூச்சை வேகவேகமாக வெளியே ஊதித் தள்ளுவது, சுற்றுக்கு அறுபது வீதம் மூன்று சுற்று. மூச்சு ஆறுவதற்குள் தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனம், அதிலிருந்து காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனம். சவாசனத்தில் படுத்தபோதே விரல் நுனியெல்லாம் எறும்பு ஊருவது போல இருந்தது. எழுந்ததும் மாடியே சுற்றியது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை வாந்தி, மதியம் வரை எழுந்திருக்க முடியவில்லை. புதன்கிழமையும் அதேதான். ஆசிரியர், "உடம்பில் இருக்கும் கழிவு வெளியேறுகிறது, விடாமல் செய்யுங்கள்" என்கிறார். நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனாலும் பயமாக இருக்கிறது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

காலைநடை:
சகோதரி, முதல் நாள் இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? ஏழு மணிக்கு இரண்டு இட்லியோடு படுத்துவிட்டு, காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் எனக்கு ஒருமுறை கண் இருட்டியிருக்கிறது. வயிறு நிறைய இருக்கக் கூடாது என்பதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

பாய்விரிப்பு:
பதினாறு வருடமாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் ஒன்று, வாந்தி வருவது கழிவு வெளியேறுவது இல்லை. உடம்பு நிறுத்தச் சொல்கிறது, அவ்வளவுதான். விரல் மரத்துப்போனதற்குக் காரணம் பெரும்பாலும் மூச்சு. வேகவேகமாக ஊதித் தள்ளும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு சட்டென்று குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அதனால் தலை கிறுகிறுக்கும், விரலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும். அந்த நிலையிலேயே காலைத் தூக்கித் தலைகீழாக நின்றால் என்ன ஆகும்? பிரஷர் உள்ளவர்களுக்கு நான் வேகமான கபாலபாதியும் சர்வாங்காசனமும் சொல்லித்தருவதே இல்லை, கண் அழுத்த நோய் இருந்தாலும் தலைகீழ் ஆசனம் கிடையாது. பிராணாயாமத்தை முறை தவறிச் செய்தால் விக்கல், இரைப்பு, தலைவலி, காதுவலி எல்லாம் வரும் என்று பழைய யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையே இரண்டாம் அத்தியாயத்தில் சொல்கிறது. சிங்கத்தையும் யானையையும் பழக்குவது போல மெல்ல மெல்லத்தான் மூச்சைப் பழக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பத்தாவது நாளில் நூற்று எண்பது முறை என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ஒருபக்கத் தலையணை:
அக்கா, ஒன்று கேட்கிறேன். கண் இருட்டிக்கொண்டு வந்ததா, இல்லை அறையே ராட்டினம் மாதிரி சுற்றியதா? படுக்கையில் புரளும்போதும் வருகிறதா? எனக்கு ஹலாசனத்துக்கு அப்புறம் இதே மாதிரி வந்து, பிரஷர், கழுத்து எலும்பு என்று இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் காதில்தான் பிரச்சினை. உள்காதில் இருக்கும் சின்னச் சின்ன கால்சியம் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலையை ஒரு பக்கம் சாய்த்தாலே சுற்றும். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், குமட்டல் மட்டும் நெடுநேரம் இருக்கும். இ.என்.டி. மருத்துவர் தலையை நாலு விதமாகத் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார், எப்லி முறை என்று பெயர். மாத்திரையே தேவைப்படவில்லை.

நெல்லைக்காரி:
இருட்டவில்லை தம்பி, சுற்றத்தான் செய்தது. நேற்று இரவு இடது பக்கம் புரண்டபோதும் மின்விசிறியோடு சேர்ந்து கூரையும் சுற்றியது. நாளைக்கே காட்டுகிறேன்.

வார்டுப்பணி:
செவிலியராக இருக்கிறேன். போகும்போது பிரஷரைப் படுத்த நிலையில் ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 குறைந்தால் மாத்திரை அளவையும் பேச வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். தலைசுற்றலோடு பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கைகால் பலவீனம், இரட்டையாகத் தெரிவது, நெஞ்சுவலி, இதுவரை இல்லாத தலைவலி அல்லது கழுத்துவலி, இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நெல்லைக்காரி:
போய் வந்தேன். மேசையில் படுக்கவைத்துத் தலையை இடது பக்கம் திருப்பியதுமே சுற்றிவிட்டது, தம்பி சொன்னதேதான். தலையைத் திருப்பும் சிகிச்சையும் அங்கேயே செய்தார்கள். பிரஷர் படுத்து 128, நின்று 122. விரல் மரத்தது மூச்சால்தான் என்றார் மருத்துவர், கபாலபாதி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இப்போது கொஞ்சம் தள்ளாட்டம் மட்டும் இருக்கிறது. ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். திரும்ப எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பாய்விரிப்பு:
மருத்துவர் சரி என்று சொல்லட்டும், புரண்டு படுத்தாலும் சுற்றாமல் ஒரு வாரம் போகட்டும் அம்மா. அப்புறம் சுவரோரமாக நின்று தாடாசனம், உட்கார்ந்தபடி எண்ணாமல் மெதுவாக மூச்சு, அது போதும். சவாசனத்திலிருந்து நேராக எழ வேண்டாம், வலது பக்கம் ஒருக்களித்துக் கையை ஊன்றி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து எழுங்கள்.