‘ரீச்’, ‘ஸ்டாக்’: முகப்பெட்டம், முகப்புயரம் என்னும் இணைச்சொற்கள்

வணக்கம்.

சாலை மிதிவண்டிகளின் அளவு அட்டவணையில் வரும் ‘ரீச்’, ‘ஸ்டாக்’ ஆகியவற்றுக்கு ‘நீட்டம்’, ‘அடுக்கு’ என்று முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. இவற்றுள் ‘அடுக்கு’ எனக்கு உடன்பாடில்லை. கைப்பிடியைத் தாங்கி முன்னே நீளும் துண்டான ஸ்டெம்முக்கு அடியில், கைப்பிடியை உயர்த்த ஸ்பேசர் வளையங்களை அடுக்குகிறோமே என்று கேட்கலாம். ஆனால் அந்த வளையங்கள் இந்த அளவில் சேர்வதே இல்லை. ‘நீட்டம்’ பிழையன்று என்றாலும், மேல்குழாயின் நீளத்துக்கும் அதையே சொல்லத் தோன்றும் என்பதால் அதுவும் போதாது.

அளக்கப்படுவது என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். பெடல்கள் சுழலும் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து நேர்செங்குத்தாக ஒரு கோடு வரைந்து, தலைக்குழாயின் (கைப்பிடியின் தண்டு நுழையும் முன்பக்கக் குழாயின்) மேல்வாய் மையம் அந்தக் கோட்டிலிருந்து கிடைமட்டமாக எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று பார்த்தால் அது ரீச். அதே மையம் அச்சைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்று பார்த்தால் அது ஸ்டாக். இரண்டும் ஒரே புள்ளியின் இரு ஆயங்கள். ஆகவே சொற்களிலும் அந்த உறவு தெரிய வேண்டும் என்பதற்காக, சட்டகத்தின் முன்முனையை ‘முகப்பு’ என்று கொண்டு, ‘முகப்பெட்டம்’, ‘முகப்புயரம்’ என்னும் இணையை முன்வைக்கிறேன். ‘எட்டம்’ தொலைவு என்னும் பொருளில் ஏற்கெனவே உள்ள சொல். எட்டுதல் என்னும் வினையும் அதில் கேட்கிறது.

இணையாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்பவரின் சிக்கல்தான். சட்டகத்தின் அளவாகச் சொல்லப்படும் 54, 56 (செ.மீ.) என்ற எண்கள் முன்பு இருக்கைக்குழாயின் நீளத்தைக் குறித்தவை. மேல்குழாய் பின்னோக்கிச் சரியத் தொடங்கிய பிறகு அவை பெரும்பாலும் பெயரளவில்தான் அளவுகள். எனவே வாங்குபவர் அட்டவணையைப் பார்க்கிறார். சிறிய சட்டகத்தில் முகப்பெட்டம் 380 மி.மீ., முகப்புயரம் 545. பெரியதில் 388, 565 என்று வைத்துக்கொள்வோம். எட்டத்தில் வேறுபாடு 8 மி.மீ. மட்டுமே, ஸ்டெம்மை 10 மி.மீ. கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் கைப்பிடியைப் பெரிய சட்டகத்தின் உயரத்துக்கே கொண்டுவர, சிறியதில் ஏறத்தாழ 20 மி.மீ. ஸ்பேசர் வேண்டும், தலைக்குழாய் கிடைமட்டத்துக்கு ஏறக்குறைய 73 பாகையில் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கைப்பிடி மேலே போகும்போதே 6 மி.மீ. பின்னுக்கும் வந்துவிடுகிறது. ஆக, ஒரே உயரத்தில் வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு 8 அன்று, 14. முகப்புயரத்தை மறந்துவிட்டு முகப்பெட்டத்தை மட்டும் ஒப்பிடுவது எப்போதும் இப்படித்தான் ஏமாற்றும்.

‘எட்டம்’ என்று தனியாக வைத்துக்கொண்டால் போதாதா என்பது அடுத்த கேள்வியாக வரும். போதாது என்றே நினைக்கிறேன், இதை என் முதுகு எனக்குக் கற்றுக்கொடுத்தது. பெரிய சட்டகத்தை வாங்கிவிட்டு, கை எட்டவில்லை என்று இருக்கையை அதன் அடியிலுள்ள தண்டவாளக் கம்பிகளில் முன்னுக்குத் தள்ளி ஓட்டினேன். கை எட்டியது, ஆனால் உடல் பாரம் உள்ளங்கைக்கு இறங்கிவிட, தோளும் மேல்முதுகும் ஒரு மணி நேரத்துக்குள் கடுக்கத் தொடங்கின. இருக்கையின் முன்பின் நிலையைப் பெடலை வைத்துத் தீர்மானிக்க வேண்டும், கைப்பிடியை வைத்தன்று. இருக்கையை எங்கே நகர்த்தினாலும் சட்டகத்தின் அளவு மாறுவதில்லை. மாறுவது இருக்கையிலிருந்து பிரேக் பிடிகள் வரையுள்ள தொலைவு. பேச்சில் இரண்டையும் ‘ரீச்’ என்றே சொல்லிவிடுகிறோம். தமிழிலாவது பிரித்துவிடலாம்: சட்டகத்துக்கு உரியது முகப்பெட்டம், ஓட்டுபவருக்கு உரியது கையெட்டம். ஸ்டெம்மை மாற்றினால் கையெட்டம் மாறும். முகப்பெட்டத்தை மாற்ற வேண்டுமானால் வேறு சட்டகம்தான் வாங்க வேண்டும். ‘முகப்புயரம்’ என்பதற்குப் பதிலாக ‘நிமிர்வு’ என்னும் அழகான சொல் எனக்கும் தோன்றியது, ஆனால் அதிலும் இதே குறை இருக்கிறது. நிமிர்வது ஓட்டுபவர், சட்டகம் அன்று.

ஸ்டெம், ஸ்பேசர், பெடல் ஆகியவற்றுக்குப் புதுச்சொல் தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவை கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருள்கள், எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் காரியம் நடக்கும். அளவுகளைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. அவற்றுக்குப் பெயரே பாதி விளக்கமாக அமைந்தாக வேண்டும்.

புணர்ச்சியைப் பற்றி ஒரு சொல். ‘முகப்பெட்டம்’ என்று படிப்பவர் ‘பெட்டம்’ என்று எதையோ தேடக்கூடும் என்ற ஐயம் எனக்கும் உண்டு. சில காலம் ‘முகப்பு எட்டம்’ என்று பிரித்தெழுதுவதில் எனக்குத் தடையில்லை.

இருக்கையைவிடக் கைப்பிடி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதற்கு ‘இறக்கம்’ என்றால் சாலையின் இறக்கத்தோடு குழம்பும். கையெட்டத்தோடு சேர்ந்து நிற்கும்படி ‘கைத்தாழ்வு’ எனலாமா? தாழ்வு என்பதில் குறை என்னும் சாயல் இருப்பது உறுத்துகிறது, எனவே வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.